கோசோங்: சுழியமா, காலியா?

நான் வேலை பார்த்த மருத்துவமனையில் பழைய ஆய்வுக்கூட நிரலை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றப் போகிறார்களாம். அந்த வேலையைப் பார்க்கும் பெண் போன மாதம் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அங்கிள், ஒங்க புரோகிராம்ல ஒரு எடத்துல மலாய்ல குறிப்பு எழுதி வச்சிருக்கீங்க. 'கோசோங் புன் கீரா, ஜாஙான் புவாங்'னு. காலியா இருந்தாலும் எண்ணு, தூக்கிப் போட்டுறாதன்னு. எதுக்கு அங்கிள் அது? புதுசுலயும் வேணுமா?"

"வேணும்மா. எது இல்லாட்டியும் அது வேணும்."

ஏன் என்று சொல்லி முடிக்க அரை மணி நேரமானது. குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "இத எழுதி வச்சிருங்க அங்கிள். போன்ல சொல்ற வெஷயம் இல்ல இது" என்றாள். அதனால் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயர் மட்டும் இங்கே வேண்டாம்.

காஜா பெராங் என்ற பேட்டையிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தவன் நான். பள்ளியை முடித்ததும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். குழாய்களில் எண் ஒட்டுவதும் முடிவுகளைப் பெரிய புத்தகத்தில் பதிவதும்தான் வேலை. நாற்பதை நெருங்கும்போது கணினி வந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். மிச்சத்தை நகலெடுத்த கையேட்டிலிருந்தும் என் தப்புகளிலிருந்தும் கற்றேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அந்த மொழியின் பெயர் டி.சி.எல். 'டிக்கிள்' என்று சொல்வோம். அதில் எல்லாமே எழுத்துச்சரம். எண்ணும் சரம், பெயரும் சரம், கட்டளையும் சரம். பட்டியலுக்கென்று தனியாக ஒரு வடிவம் வெளியே தெரியாது. இடைவெளி விட்டு எழுதிய ஒரு சரத்தைப் பட்டியலாக எண்ணிக் கேட்டால், அது பட்டியலாகப் பதில் சொல்லும்.

முதல் வாரத்தில் ஒரு நாள், என் பெயரையே உள்ளே கொடுத்துப் பார்த்தேன். அடையாள அட்டையில் இருப்பதுபோல, சுப்ரமணியம், இடைவெளி, 'மகன்' என்பதற்கான மலாய்ச் சுருக்கமான ஏ-எல், இடைவெளி, காத்தான் என்று ஆங்கில எழுத்தில். இதன் நீளம் என்ன என்று கேட்டேன். இருபத்திரண்டு என்றது. இது பட்டியல் என்றால் எத்தனை உறுப்பு என்று கேட்டேன். மூன்று என்றது. பிறகு பெயரைச் சுற்றி இரண்டு நெளிவு அடைப்புக்குறிகளைப் போட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். ஒன்று என்றது.

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். இருபத்திரண்டு எழுத்தும் நானே, மூன்று சொல்லும் நானே, ஒரே ஆளும் நானே. பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கேட்கிற விதம் மாறினால் பதில் மாறுகிறது. பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ஆமா, அதுக்கென்ன?" என்றார். அவருக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

அந்த வருடமே நான் எழுதிய நிரல்தான் பின்னால் என்னை ஆட்டிப்படைத்தது. ரத்தம் பரிசோதிக்கும் இயந்திரம் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி அனுப்பும். முதலில் குழாய் எண், அடுத்து அடையாள அட்டை எண், அடுத்து ஹீமோகுளோபின், அடுத்து வெள்ளணு, அடுத்து தட்டணு என்று போகும். நடுவில் ஒவ்வொரு செங்குத்துக் கோடு இருக்கும். என் நிரல் அந்த வரியை வாங்கி, ஹீமோகுளோபினை மட்டும் எடுத்து, குழாய் எண்ணுக்குரிய நோயாளியின் பெயருக்கு நேராக வார்டுத் திரையில் காட்ட வேண்டும். விவரமான காகித அறிக்கை மதியம்தான் தள்ளுவண்டியில் மேலே போகும். திரை வந்தபின் காலையிலேயே முக்கியமான எண் மருத்துவர் கண்ணில் படும்.

கோடுகளையெல்லாம் இடைவெளியாக மாற்றினேன். அப்படி மாற்றினால் வரி பட்டியலாகிவிடும். டிக்கிள் எண்ணுவதுபோல் குழாய் எண்ணைச் சுழியம் என்று வைத்து எண்ணினால் இரண்டாவது உறுப்பு ஹீமோகுளோபின். இரண்டே வரி நிரல். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. சில வருடங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு எங்கள் கணினிப் பிரிவுக்குத் தலைவியாக ஜமீலா வந்தார். டவுனில் பல தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை "அண்ணே" என்பார். நான் "மிஸ் ஜமீலா" என்பேன். அவர் அடுத்தவர் விசைப்பலகையைத் தொடவே மாட்டார். நிரலைக் காகிதத்தில் அச்சடித்து வரச் சொல்வார். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து நமக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். ஒரு வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, "படிங்கண்ணே" என்பார். அந்த வரி என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதும் கோலை ஒரு வரி கீழே நகர்த்துவார். "அப்புறம்?" தப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. தப்பு இருக்கும் வரியில் கோல் நகராது. அவ்வளவுதான்.

புதிய நிரல் எதுவானாலும் வார்டுக்குப் போகுமுன் ஐந்து கெட்ட வரிகளை அதற்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒரு விதி வைத்தார். நீளம் கூடிய வரி, பாதியில் நின்ற வரி, நடுவில் இடைவெளி உள்ள வரி, அடைப்புக்குறி மூடாத வரி, ஓர் இடம் காலியான வரி. ஐந்திலும் தேறினால்தான் கையெழுத்துப் போடுவார். என் பழைய நிரல் அவர் வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் அந்த ஐந்துக்கு உட்படுத்தவில்லை. ஓடுகிறதே என்று நானும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். பெண்கள் வார்டிலிருந்து தெய்வானை கூப்பிட்டார். கிளேபாங்கிலிருந்து வரும் மூத்த தாதி. குரலை உயர்த்தாதவர்.

"சுப்ராண்ணே, ஒங்க கம்பியூட்டரு பொய் சொல்லுது."

"என்னா சிஸ்டர்?"

"ஏழாம் கட்டில்ல ஒரு அம்மா. பேரு பார்வதி. ரெண்டு வாரமா ரத்தம் போயிக்கிட்டு இருந்துருக்கு, நேத்துதான் கொண்டாந்தாங்க. திரையில ஹீமோகுளோபின் ஒம்பது புள்ளி ஆறுன்னு இருக்குது. டாக்டரும் பாத்துட்டு, அப்ப மதியம் வரைக்கும் பாப்போம்னு போயிட்டாரு. நான் கீழ் இமைய இழுத்துப் பாத்தேண்ணே. தாளு மாதிரி வெள்ளையா இருக்குது. ஒம்பது இருக்குற கண்ணு இல்ல அது. லேப்புக்குப் போன் போட்டுக் கேட்டா, இயந்திரத்துல அஞ்சு புள்ளி எட்டுங்கிறாங்க."

"இப்ப அந்த அம்மா?"

"ரத்தம் ஏறிக்கிட்டு இருக்குது. டாக்டர ஓடிப் போயி இழுத்துட்டு வந்துட்டேன். நீங்க ஒங்க பொட்டியப் பாருங்க."

இன்றுவரை நான் வியந்து நினைப்பது இதைத்தான். ஒரு மருத்துவமனை முழுக்கத் திரையை நம்பிய நேரத்தில், தெய்வானை ஒரு கண்ணிமையை நம்பினார்.

இயந்திரம் அனுப்பிய வரிகளெல்லாம் ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதில் அந்தக் குழாய் எண்ணைத் தேடி எடுத்தேன். வரி இப்படி இருந்தது:

1147||5.8|9.6|240

இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் அடையாள அட்டை எண் இல்லை. பார்த்த கணத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மனம்தான் ஒப்புக்கொள்ள மறுத்தது.

எழுந்து ஜமீலாவிடம் போனேன். சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "அந்தம்மா எப்படி இருக்காங்க?" இரண்டாவது செய்தது, எல்லா வார்டுகளுக்கும் தொலைபேசி. "திரைய அணைங்க. நான் சொல்ற வரைக்கும் பேப்பர் மட்டுந்தான். பேப்பர் வர்ற வரைக்கும் லேப்புக்குப் போன் பண்ணிக் கேளுங்க." மூன்றாவதாகத்தான் என்னைப் பார்த்தார். "அச்சடிச்சிட்டு வாங்கண்ணே."

நாற்காலியை இழுத்துக்கொண்டு எப்போதும்போலப் பின்னால் உட்கார்ந்தார். கோலை வைத்தார்.

"படிங்க."

"கோட்டையெல்லாம் இடைவெளியா மாத்துது."

கோல் நகரவில்லை.

"ரெண்டு கோடு ஒட்டி இருந்தா?"

"ரெண்டு இடைவெளி ஆயிடும்."

"அப்புறம் அதப் பட்டியலாப் பாத்தா?"

பட்டியலாகப் பார்க்கும்போது டிக்கிளுக்கு ஓர் இடைவெளியும் ஒன்றுதான், பத்து இடைவெளியும் ஒன்றுதான். சொற்களுக்கு நடுவே எவ்வளவு வெறுமை இருந்தாலும் அதை ஒரே பிரிப்பாக எடுத்துக்கொள்ளும். வெறுமைக்கென்று ஓர் இடம் தராது. அட்டை எண் இல்லாத அந்த இடம் மறைந்துபோகும். அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் ஒரு படி முன்னால் நகர்ந்துவிடும். ஹீமோகுளோபின் போய் அட்டை எண் இடத்தில் நிற்கும். வெள்ளணுவின் 9.6 வந்து ஹீமோகுளோபின் இடத்தில் உட்காரும். அது 96 என்றோ 240 என்றோ இருந்திருந்தால் பார்த்த எவரும் சிரித்திருப்பார்கள். 9.6 மிக நல்ல எண். நம்பும்படியான எண்.

இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொன்னேன். முடித்ததும் ஜமீலா கோலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இப்ப சரி பண்ணுங்க. நான் இங்கயே இருக்கேன்."

சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கோடு இருக்கும் இடத்தில் வெட்டிப் பட்டியலாக்க அந்த மொழியிலேயே 'ஸ்ப்ளிட்' என்று ஒரு கட்டளை உண்டு. நான் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டியும் இருக்கிறேன். அதற்கு இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒன்றுமில்லை என்றால், அந்த ஒன்றுமில்லாததும் ஓர் உறுப்பு. அதே வரியைக் கொடுத்தேன். திரையில் இப்படி வந்தது:

1147 {} 5.8 9.6 240

இரண்டு அடைப்புக்குறி. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் இடம் இருக்கிறது. 5.8 தன் இடத்தில், 9.6 தன் இடத்தில். எதுவும் நகரவில்லை.

நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜமீலா மெல்ல, "சுபஹானல்லாஹ்" என்று இறைவனைப் போற்றினார். ஒன்றுமில்லாததற்கும் ஓர் இடம் வேண்டும் என்று யோசித்து அந்த மொழியில் வைத்தவர் யாரோ, அவர் இருந்த திசை தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் கும்பிட்டிருப்பேன். அந்த நிமிடத்தில்தான் அந்தக் குறிப்பை நிரலில் எழுதினேன். எனக்குப் பிறகு யார் வந்தாலும் படிக்க வேண்டும் என்று மலாயில் எழுதினேன்.

திருத்தம் பத்து நிமிடம். ஆனால் திரையை மறுபடி போட ஜமீலா இரண்டு நாள் விடவில்லை. ஐந்து கெட்ட வரிகளோடு புதிதாக இன்னும் பதினைந்து கெட்ட வரிகளை அவரே எழுதிக் கொடுத்தார். அதற்குள் பழைய கோப்பு முழுவதிலும் ஒட்டி நிற்கும் இரண்டு கோடுகளைத் தேடச் சொன்னார். பார்வதியோடு சேர்த்து ஆறு பேர் கிடைத்தார்கள். ஆறு வரியும் கடந்த சில வாரங்களில் வந்தவை. ஒவ்வொருவரின் காகிதத்தையும் மருத்துவரோடு உட்கார்ந்து பார்த்தோம். ஐவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆறாமவர் ஒரு முதியவர், இறந்துபோயிருந்தார். நுரையீரல் நோய் என்றும், காகித அறிக்கையைப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தோம் என்றும், திரைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் மருத்துவர் சொன்னார். அந்தப் பக்கத்தை மூன்று முறை எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். அவரும் சலிக்காமல் வாசித்தார். நம்பினேன். ஆனாலும் சில நாட்களில் அந்த முதியவர் நினைவுக்கு வருகிறார்.

இத்தனை வருடம் வராத காலியிடம் ஏன் இப்போது வந்தது? அட்டை எண்ணைத் தட்டுவது கீழே பதிவுக் கவுண்டரில்; அதைக் கேட்க அங்கே போனேன். அங்கே சில வாரங்களுக்கு முன்தான் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். எங்கள் காஜா பெராங்கின் செட்டி கம்பத்துப் பெண். அந்தக் கிராமத்தார் பல தலைமுறைக்கு முன் வந்த தமிழர் வழியினர், ஆனால் அவளுக்குத் தமிழ் வராது, மலாய்தான். கவுண்டரின் உள்பக்கம் பல வருடமாக ஒட்டியிருந்த ஒரு தாளை அவள் காட்டினாள். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு என்று எழுதி, எதிரே ஒரே ஒரு சொல்: கோசோங்.

"கோசோங்னுதானே போட்டிருக்கு அங்கிள்? அதான் காலியா விட்டேன்" என்றாள் மலாயில். முகம் வெளுத்திருந்தது.

மலாயில் கோசோங் என்றால் காலி. சுழியமும் கோசோங்தான். தொலைபேசி எண் சொல்லும்போது நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம். இவளுக்கு முன்னால் அங்கே இருந்தவர் அந்தச் சொல்லைச் சுழியம் என்று படித்து, வருடக்கணக்கில் 0 என்று தட்டியிருக்கிறார். அந்தச் சுழியம் இடத்தைப் பிடித்துக்கொண்டு என் நிரலைக் காப்பாற்றி வந்திருக்கிறது. இவள் காலி என்று படித்தாள். இருவர் படித்ததும் சரி. ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவில் ஓர் உயிர் கிடந்திருக்கிறது.

"ஒம்மேல தப்பே இல்ல. தப்பு மேல மாடியில என்கிட்ட இருந்துச்சு" என்று மலாயில் சொல்லிவிட்டு வந்தேன்.

திரை மறுபடி ஓடத் தொடங்கிய அன்று ஜமீலா என்னைக் கூப்பிட்டார்.

"ரிப்போர்ட் எழுதி மேல குடுத்துட்டேன். எழுதுனது நீங்கன்னும் போட்டிருக்கேன், சோதிக்காம விட்டது நான்னும் போட்டிருக்கேன். என்னா வருதோ வரட்டும்." பிறகு சற்றுத் தயங்கினார். "அந்தம்மாகிட்ட யாராச்சும் சொல்லணும்ணே."

"நான் போறேன்" என்றேன்.

பார்வதி ஏழாம் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். புக்கிட் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலை. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. தெய்வானை என்னை அறிமுகப்படுத்திவிட்டு நகர்ந்துகொண்டார்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கொண்டுபோன தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் ரத்த அளவு குறைவாக இருந்தது, திரையில் கூடுதலாகக் காட்டியது, உங்கள் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததால் மற்றவை இடம் மாறிவிட்டன, அதை எழுதியவன் நான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது என்று பின்னால்தான் தெரிந்தது.

"எனக்கு நம்பர் இல்ல சார். எப்பவுமே இல்ல" என்றார். "நான் பொறந்தது ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்துல, மெர்டேக்காவுக்கு, அதான் சொதந்திரத்துக்கு, முந்துன வருசம். பொறந்த சூரா, பத்திரம், எடுக்கல. மெர்டேக்கா ஆனப்புறம் எல்லாரும் போயி பிரஜா உரிமைக்குப் பதிஞ்சாங்களாம். எங்கப்பாவும் போனாரு. அன்னிக்கி வரிசை முடிஞ்சிருச்சு, இன்னொரு நாளு வான்னுட்டாங்களாம். இன்னொரு நாளு தோட்டத்துல லீவு குடுக்கல."

என் அப்பாவும் அதே காலத்தில் அப்படி ஒரு வரிசையில் நின்றவர்தான். அவர் முறை வருமுன் வரிசை முடிந்துவிடவில்லை, பதிவு கிடைத்தது. எனக்கும் அந்த அம்மாளுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். அவரிடம் அதைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்படியா?" என்று என்னை நன்றாகப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நாப்பது வருசமா எத்தன கவுண்டரு பாத்திருப்பேன் சார். ஸ்கூலு, கல்யாணப் பதிவு, புள்ள பொறந்தப்ப. நம்பர் இல்லன்னா போயிட்டு அப்புறம் வான்னுதான் சொல்லுவாங்க. ஒரு ஆளு என்னத் தேடி மேல ஏறி வந்து, நம்பர் இல்லாததுனால ஒனக்கு இப்பிடி ஆயிருச்சும்மா, மன்னிச்சிக்கன்னு சொன்னதே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கட்டிலின் பக்கத்தில் இருந்த நாற்காலியைக் கையால் காட்டினார். "நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்கண்ணே. ஒங்கப்பாவுக்கு எந்தத் தோட்டம்?"

உட்கார்ந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். எழுந்தபோது, "நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டார். மறுநாளும் போனேன்.